பந்தை விட்டவருக்கு ஒரு கல்வெட்டு

“இதில் பேசுவது யார்?” என்று மிரேய் கேட்டார்.

கனடாவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீடு, அவருடைய சமையலறை மேசை. ஒரு பக்கம் கணவரைப் பறிகொடுத்த அவர், மறுபக்கம் நானும் என் கணவரும். நடுவில் நான் எழுதிய கல்வெட்டு, இன்னும் கட்டாத தாள்களாகக் கிடந்தது. வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊற்றி வைத்த கோப்பியை ஒருவரும் தொடவில்லை.

“நீங்கள்தான் பேசுகிறீர்கள்,” என்றேன் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

“நானா? நான் எப்போது பேசினேன்?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் யன்னலைப் பார்த்தார். என்னை ஒன்றில் மாட்டிவிட்டு விட்டு யன்னலைப் பார்ப்பது இவருக்குக் கைவந்த கலை. கலியாணம் பேசி வந்த அன்றே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கல்வெட்டு என்றால்

தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தொடரை வாசிப்பவர்கள் கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைப்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் அது வேறு. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அவரைப் பற்றிப் பாட்டாக எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, வந்தவர் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. இறந்த திதிக்கு ஒரு வெண்பா, பிறந்த ஊரின் சிறப்பு, படிப்பு, கலியாணம், பிள்ளைகள், தொழில், கடைசியில் புலம்பல்.

புலம்பலில்தான் விசயம் இருக்கிறது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். மனைவி புலம்பலில் மனைவி, “என்னைத் தவிக்கவிட்டு எங்கே போனீரோ” என்று அழுவாள். அந்த அழுகையை எழுதுவது கவிராயர். மனைவியிடம் ஒருவரும் கேட்பதில்லை. அச்சாகி வந்த பிறகுதான் தான் என்ன சொல்லி அழுதேன் என்று அவளுக்கே தெரியவரும்.

மொன்றியலில் அந்தக் கவிராயர் வேலை என் தலையில் விழுந்தது. ஊரில் தமிழ் படிப்பித்தவள் என்பதுதான் நான் செய்த குற்றம். யார் செத்தாலும் “டீச்சர், ஒரு கல்வெட்டு” என்று தொலைபேசி அடிக்கும். சும்மா எழுதச் சொல்ல மாட்டார்கள், கூடவே நிபந்தனைகளும் வரும். மூத்த மருமகன் பெயர் இளைய மருமகனின் பெயருக்கு மேலே வர வேண்டும். ஐயா படிக்கவில்லை, ஆனால் கல்விமான் என்று போட வேண்டும். திதி எந்த நேரத்துக்கு, மொன்றியல் நேரத்துக்கா யாழ்ப்பாண நேரத்துக்கா என்று இரண்டு மாமாக்கள் சண்டை பிடித்து, ஒரு செத்த வீட்டில் நான் இரண்டு வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பொய் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. குடித்தே அழிந்தவர் என்றால் “நண்பர் குழாம் சூழ வாழ்ந்தவர்”. ஒரு சதம் கொடுக்காதவர் “சிக்கனச் செம்மல்”. ஊர் முழுக்கப் பகைத்தவர் “நேர்மைக்கு அஞ்சாத நெஞ்சர்”. வாசிக்கிற சனத்துக்கு எல்லாம் விளங்கும். விளங்காத மாதிரி இருப்பதுதான் மரியாதை.

இத்தனைக்கும் பிறகு, பேஸ்போல் விளையாடிய ஒரு அமெரிக்கருக்கு நான் கல்வெட்டு எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர்

கிளீட்டஸ் மரோ எங்கள் நகரத்து அணியில் பத்து வருடத்துக்கு மேல் விளையாடியவர். நாங்கள் கனடாவுக்கு வருமுன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பெரிய ஆள். ஒரு காலத்தில் இந்த நகரத்துப் பையன்களின் அறைச் சுவர்களில் எல்லாம் அவர் படம் ஒட்டியிருந்ததாம். மைதானத்தின் இடப்பக்கத்து ஓரத்தில், வெகு தூரத்தில் நின்று, அடித்துவரும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. எத்தனையோ ஆயிரம் பந்து பிடித்தவர்.

ஒன்றை விட்டுவிட்டார்.

அது அணி இறுதிச் சுற்றுக்குப் போவதா இல்லையா என்று நின்ற ஆட்டம். கடைசிக் கட்டம். பந்து உயரமாக எழும்பி, நேரே அவரிடம் வந்திருக்கிறது. நடக்கப் பழகுகிற பிள்ளைகூடப் பிடிக்கும் என்று இங்கே சொல்வார்கள். பந்து கையுறைக்குள் வந்தது, வெளியே துள்ளியது, புல்லில் விழுந்தது. அணி வீட்டுக்குப் போனது.

அதோடு அவரும் முடிந்தார். மற்ற ஆட்டக்காரர்களைப்போல் விளையாட்டு முடிந்ததும் தெற்கே வெயிலுக்குப் போகாமல், இங்கேயே மிரேயைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கார் விற்றார். கடைத்தொகுதிகளில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பிற்காலத்தில் எங்கள் பகுதியில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை.

நாங்கள் செயின்ட்-மிஷேலில் வாடகைக்கு இருந்துவிட்டு, கடன்பட்டு இந்த வீட்டை வாங்கி வந்தபோது, முதல் நாளே சோபாவின் மறு நுனியைத் தூக்கியவர் அவர்தான். இவர் ஊரில் பள்ளிக்கூட அணியின் விக்கெற் காப்பாளர். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது போதாதா? அன்றிலிருந்து கோடையில் ஒவ்வொரு பின்னேரமும் மரோவின் கராஜ் வாசலில் இரண்டு மடக்குக் கதிரை, ஒரு வானொலி. பேஸ்போல் வர்ணனை பிரெஞ்சில் போகும். இவர் அதைக் கிரிக்கெற்றாக மொழிபெயர்த்து, பிழையாக விளங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து எனக்குப் படிப்பிப்பார். நான் சோறு வடிக்கிற நேரம் பார்த்துத்தான் வருவார்.

“இஞ்சரும், இது கிட்டத்தட்ட கிரிக்கெற்தான். ஆனா விக்கெற் இல்லை, ஓவர் இல்லை, ஓட்டம் எடுக்கிறதும் வேற மாதிரி.”

“அப்ப என்னத்தில கிட்டத்தட்ட?”

“பந்து இருக்கல்லோ.”

பிறகு அந்த அணியையே வேறு நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க ஆட்டம் இல்லை. இருவரும் அதே கதிரைகளில் அமர்ந்து, போன வருடங்களின் ஆட்டங்களைக் கதைத்தார்கள். அதற்கு அடுத்த வருடப் பனிக்காலத்தில் மரோவும் போய்விட்டார். இருதயம். தும்புத்தடியால் பஸ்ஸின் கண்ணாடிப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

தொலைக்காட்சி செய்த வேலை

அன்று பின்னேரம் செய்தியில் காட்டினார்கள். “மறைந்தார்” என்று ஒரு சொல், அடுத்த நொடி அந்தப் பந்து. மேலே எழும்புகிறது, கையுறைக்குள் வருகிறது, துள்ளுகிறது, விழுகிறது. பிறகு மெதுவாக இன்னொரு தரம். பிறகு வேறு பக்கத்திலிருந்து. ஒரு மனிதர் செத்துப்போன அன்று, அவர் வீட்டு மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், இதையா போடுவது? நான் தொலைக்காட்சியைப் பார்த்து ஏசினேன். அறிவிப்பாளர் தலைமுடி கலையாமல் காலநிலைக்குப் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். விரலில் பெரிய மோதிரம், நடக்க முடியாத கால். ஒரு காலத்தில் இந்த நகரமே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களாம், கூப்பிட இப்போது ஆளில்லை. மரோவுக்கு ஒரு நினைவு விழா வைக்கலாம், பெரிய திரையில் பழைய ஆட்டங்களைப் போடலாம் என்றார்கள். மிரேய் எழுந்து, அவர்களுடைய கோட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கதவைத் திறக்கவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. இவர் போய் வாசல் பனியைத் தள்ளுவார், நான் சொதி வைத்தால் ஒரு சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அந்த மனுசி நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தார், எனக்குப் பயமாகவே இருந்தது.

அப்படி ஒரு நாள்தான் இவர் பனிச் சப்பாத்தோடு சமையலறைக்குள் வந்து நின்றார். நான் அப்போதுதான் நிலம் துடைத்திருந்தேன்.

“நான் மிரேயிட்டச் சொல்லிப்போட்டன்.”

“என்னத்தை?”

“மரோவுக்கு ஒரு கல்வெட்டு அடிக்கிறம் எண்டு.”

நான் துடைப்பானைக் கீழே வைத்தேன்.

“ஆர் எழுதுறது?”

“நீர்தான். வேற ஆர் இருக்கினம்?”

நடந்தது இதுதான். மிரேய் இவரிடம், இனி என் மனிதரைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அந்த ஒரு பந்தைத்தான் சொல்வார்கள் என்று அழுதிருக்கிறார். இவர் மனம் இளகி, எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் நல்லதை மட்டும் எழுதிப் புத்தகம் போடுவோம் என்று அவிழ்த்துவிட்டிருக்கிறார். நல்லதை மட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். நல்லதை மட்டும்தான் என்று இவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

கச்சான் விளையும் திருநாடு

மரோ பிறந்தது அமெரிக்காவின் தெற்கே, ரயில் நிற்காத ஏதோ ஒரு ஊர். கல்வெட்டில் ஊர்ச் சிறப்பு என்றால் வயல் வேண்டும், குளம் வேண்டும், தாமரை வேண்டும், கோயில் மணி கேட்க வேண்டும். அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று இவரை விசாரித்து வரச் சொன்னேன். போய் வந்து, “கச்சான் ஆலை ஒண்டு இருந்ததாம்,” என்றார். இந்தியாவில் நிலக்கடலை என்பதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். “கச்சான் விளையும் திருநாடு” என்று தொடங்கினேன். வேறு என்ன செய்வது?

அச்சடிப்பவர் குலம் அண்ணை. செயின்ட்-மிஷேலில் அவர் கடை. கலியாண அழைப்பு, பூப்புனித நீராட்டு விழா அட்டை, கல்வெட்டு எல்லாம் அங்கேதான். அவர் கணினியில் ஒரே ஒரு கல்வெட்டு அட்டைதான் இருக்கிறது, படமும் பெயரும் மட்டும் மாறும். மாதிரி அனுப்பியபோது பார்த்தேன். நடுவில் பேஸ்போல் தொப்பியோடு மரோ, ஒரு பக்கம் குத்துவிளக்கு, மேலே பிள்ளையார், கீழே “சிவபதம் அடைந்தார்”.

“அண்ணை, அந்தாள் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போனவர்.”

“அதுக்கென்ன டீச்சர், பிள்ளையார் எல்லாருக்கும் பொதுதானே.”

“பிள்ளையாருக்குச் சம்மதமாய் இருக்கலாம். மரோவைக் கேக்க ஏலாது. எடுங்கோ.”

பிள்ளையாரை எடுத்தார். குத்துவிளக்கை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை, அது கடைசி வரை நின்றது.

வீட்டில் இவர் தொல்லை வேறு. நான் ஒரு வரி எழுத, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அந்தாள் களவாய் ஓடி அடுத்த கட்டத்துக்குப் போறதில சூரன், அதைப் போடும்,” என்பார். கல்வெட்டில் களவு என்ற சொல்லைப் போட முடியாது என்று நான் விளக்க, அது களவில்லை விதி என்று இவர் விளக்க, உலையில் வைத்த அரிசி குழைந்து கஞ்சியாகப் போகும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒழுங்கான சோறு இல்லை.

அந்தப் பந்துக்கு என்ன செய்வது என்றும் வாக்குவாதம் நடந்தது. நான் பேசாமல் தாண்டிப் போகலாம் என்றேன். இவருக்கு அது போதவில்லை.

“பிடிச்சவர் எண்டு அழுத்திப் போடும். ஒரு இடத்திலையாவது அப்பிடி இருக்கட்டும்.”

“ஊர் முழுக்கத் தெரியுமே, விட்டவர் எண்டு.”

“படிக்காத கனகசபை ஐயாவைக் கல்விமான் எண்டு போட்டனீர். அது மட்டும் ஊருக்குத் தெரியாதோ?”

அந்த எரிச்சலில்தான் மனைவி புலம்பலை இப்படி எழுதினேன்:

பந்தடிக்க வந்தாரைப் பதறவைத்த கையுடையீர்
வந்தபந்து ஒன்றேனும் வழுவவிடாக் கையுடையீர்
சொந்தமென நான்வந்தேன் சோர்ந்திருக்க விட்டுவிட்டு
எந்தவெளி காவலுக்கு இப்போது போனீரோ

எழுதிவிட்டு வாசித்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்கே பிடித்துவிட்டது. எதுகை நன்றாக விழுந்துவிட்டால் பொய் கண்ணுக்குத் தெரியாது.

என் பிரெஞ்சு

அச்சுக்குப் போகுமுன் மிரேய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று இவர் சொன்னார். தமிழில் வாசித்து என்ன பயன்? பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

நான் கார்டெரியில் வேலை செய்தேன். தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். என் பிரெஞ்சு முழுக்க அந்தக் குழந்தைகளிடம் படித்தது, எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே. பசிக்கிறது, அவன் தள்ளினான், என்னுடைய சப்பாத்து எங்கே, எனக்கு வேண்டாம். அதற்கு மேலே போனால் வழுக்கும்.

அந்தப் பிரெஞ்சில் கல்வெட்டைச் சொன்னேன். “கச்சான் விளையும் திருநாடு” என்பது “அவர் ஊரில் கடலை இருக்கிறது” என்று ஆனது. “மாற்றார் மனம் நடுங்க மட்டை எடுத்த மாவீரர்” என்பது “அவர் தடியால் அடிப்பார், மற்றவர்கள் பயப்படுவார்கள்” என்று ஆனது. மிரேய்க்குச் சிரிப்பு வந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். இவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார், நான் சொன்னேன் பார்த்தீரா என்ற மாதிரி.

பிறகு புலம்பலுக்கு வந்தோம். தமிழில் அது வாயில் அழகாக உருண்டது. மூன்று வயதுப் பிரெஞ்சில், ஒளிந்துகொள்ள இடமில்லாமல், இப்படி வந்தது:

“நீங்கள் எல்லாப் பந்தையும் பிடித்தீர்கள். நீங்கள் ஒரு பந்தையும் விடவில்லை. இப்போது நான் தனியே இருக்கிறேன்.”

மிரேயின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. தாளை எடுத்துத் தமிழ் எழுத்துகளைப் பார்த்தார், ஏதோ அதில் தெரியும் என்பதுபோல. பிறகுதான் கேட்டார், இதில் பேசுவது யார் என்று.

மிரேய் பேசியது

இது எங்கள் வழக்கம், மனைவி அழுவதை வேறொருவர் எழுதுவார் என்று சொன்னேன். என் பிரெஞ்சில் அதைச் சொன்னபோது எனக்கே அது பைத்தியக்கார வேலையாகக் கேட்டது.

“மனைவியிடம் கேட்க மாட்டீர்களா?”

“கேட்பதில்லை.”

“நான் இதைச் சொல்லமாட்டேன்,” என்றார். குரல் உயரவில்லை. “நீங்கள் எழுதிய இந்த மனிதரை எனக்குத் தெரியாது. நான் கலியாணம் செய்தது பந்தை விட்டவரை.”

இவர் குறுக்கே வந்தார். நல்லதை மட்டும் போடுவதாகத்தானே பேச்சு, நீங்களும் அதைத்தானே கேட்டீர்கள் என்று தொழிற்சாலை வேலையில் படித்த பிரெஞ்சில் தடுமாறினார். மிரேய் அவரைக் கையமர்த்தினார்.

“நான் அழ வேண்டும் என்றால் நானே அழுகிறேன். மதாம், நீங்கள் எழுதுங்கள்.”

நான் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டேன். மிரேய் தன் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்து, அவர் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் பேசத் தொடங்கினார். எனக்கு விளங்கட்டும் என்று சின்னச் சொற்களாகவே பேசினார். எழுதினேன். பிற்பாடு தமிழில் கொண்டுவந்தபோதும் ஒரு சொல்லையும் நான் அலங்கரிக்கவில்லை:

“கிளீட்டஸ், நீ ஒரு முட்டாள்.

“பால் வாங்க டெப்பனோருக்குப் போவாய். யாராவது ஒருவன் ஒரு தோடம்பழத்தை எடுத்து உன் பக்கம் எறிவான். பிடி என்பான். நீ கையை நீட்டுவாய். பழம் உள்ளங்கையில் வந்து விழும். நீ விரலைத் திறந்து அதைக் கீழே விடுவாய். கடை முழுக்கச் சிரிக்கும். நீயும் சிரிப்பாய்.

“நான் கைதவறி விட்ட கோப்பையை நிலத்தில் படமுன் பிடிக்கிற கை அது. நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்ததில்லை.

“ஏன் விட்டாய் என்று கேட்டால், அவர்களுக்கு அது சந்தோசம், மிரேய் என்பாய். எனக்குச் சந்தோசம் இல்லை, கிளீட்டஸ். ஒருநாளும் இருந்ததில்லை.

“அந்த ஒரு பந்துதான் உன் கையிலிருந்து தவறியது. மற்றதெல்லாம் நீயாக விட்டது. ஒன்றையாவது பிடித்திருக்கலாம். எனக்காக ஒருமுறை பிடித்திருக்கலாம்.”

தோடம்பழம் என்பது ஆரஞ்சு, டெப்பனோர் என்பது மூலைக்கடை. எங்கள் தெரு முடிவில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பால் வாங்குவது அங்கேதான்.

நான் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். இந்தத் தடவை இவர் யன்னலைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி, இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

முட்டாள் என்று கிடக்கு டீச்சர்

குலம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

“டீச்சர், புலம்பல் பகுதியில பாட்டைக் காணேல்லை. வசனமாய் கிடக்கு.”

“ஓம் அண்ணை. அப்பிடித்தான்.”

“புலம்பல் எண்டால் பாட்டாய் எல்லோ இருக்க வேணும். பேந்து, மனிசி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. நீ எண்டு கதைக்குது. முட்டாள் எண்டு கிடக்கு டீச்சர்!”

“கிடக்கட்டும்.”

“என்ர கடைப் பேர் பின் அட்டையில வருமே. சனம் என்ன சொல்லும்?”

“அண்ணை, நீங்கள் இவ்வளவு காலமும் எத்தினை மனைவி புலம்பல் அடிச்சிருப்பியள். அதுக்குள்ள ஒரு மனிசியாவது உண்மையாய்ச் சொன்னதை அடிச்சிருக்கிறியளோ?”

அச்சு யந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, “ஆர் கேட்டவை,” என்று முணுமுணுத்துவிட்டு வைத்தார். அடித்துத் தந்தார். பின் அட்டையில் கடைப் பெயர் இல்லை.

வீட்டில் இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. பிழையோ சரியோ எதற்கும் ஒரு கருத்துச் சொல்லாமல் இருக்கிற மனிதர் இல்லை. கராஜில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார், தமிழ்ப் பகுதியைத் தான் வாசிக்கலாமா என்று. உங்கள் நண்பர்தானே, வாசியுங்கோ என்றேன்.

முப்பத்தோராம் நாள்

மிரேய் பின்வளவில் கதிரைகள் போட்டிருந்தார். மூலைகளில் இன்னும் கறுத்த பனி கிடந்தது, நடுவில் சேறு. பத்து இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். வளவு கொள்ளவில்லை. மரோவின் பஸ்ஸில் போன பிள்ளைகளின் பெற்றோர், அணியின் பழைய தொப்பி போட்ட கிழவர்கள், மோதிரக்காரர் இருவர், எங்கள் சனம் கொஞ்சம். மூலைக்கடைக்காரரும் மனைவியோடு வந்திருந்தார். வந்தவர்களுக்குக் கல்வெட்டைக் கொடுத்தோம். குத்துவிளக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். அச்சகத்தாரின் அன்பு என்றேன்.

மிரேய் முதலில் தன் புலம்பலைப் பிரெஞ்சில் வாசித்தார். முதல் வரிக்குச் சிலர் சிரித்தார்கள். முட்டாள் என்பதைச் செல்லமாகச் சொல்கிறார் என்று எண்ணியிருப்பார்கள். தோடம்பழம் வந்ததும் இன்னும் கொஞ்சம் சிரிப்பு எழும்பியது, பழக்க தோசம். அதற்கடுத்த வரியில் அது அடங்கியது. தொப்பிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கடைக்காரரின் மனைவி புருசனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மிரேய் ஒருவரையும் பார்க்கவில்லை, தாளைப் பார்த்து முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது இவர். கச்சான் திருநாடு, மாவீரர் எல்லாம் நன்றாகப் போனது. ஊரில் விக்கெற்றுக்குப் பின்னால் நின்று கத்திய குரல், வளவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். மனைவி புலம்பல் வந்ததும் குரல் இறங்கியது. “விரலைத் திறந்து அதைக் கீழே விடுவாய்” என்ற இடத்தில் நின்றுவிட்டார். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிப் பார்த்தார். திரும்ப அதே வரியில் தொடங்கினார், திரும்பவும் நின்றார். எனக்கு வெட்கமும் எரிச்சலும். எழுந்துபோய் அவர் கையிலிருந்த தாளை வாங்கி மீதியை நான் வாசித்தேன்.

முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. மிரேய் என்னிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு உள்ளே போய், வந்தவர்களுக்குக் கேக் வெட்டினார். தனக்கும் ஒரு துண்டு எடுத்து, நின்றபடி முழுவதையும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துச் சேற்றை வாசலில் தட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“வாசிக்கிறன் எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள். பேந்து ஏன் அந்தரப்பட்டனீங்கள்?”

இவர் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

“நானும் எறிஞ்சனான்.”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“கடையில கண்டால் நானும் எடுத்து எறியிறனான். எல்லாரும் எறியினம், அந்தாளும் சிரிக்குது. விளையாட்டு எண்டுதான் நினைச்சன். வயசு போய் உண்மையாய்ப் பிடிக்க ஏலாமல் விடுகுது எண்டே நினைச்சன்.”

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. இவர்மேல், கடைக்காரர்மேல், எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு நின்ற அந்தச் செத்துப்போன மனிதர்மேல். நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார்:

“அந்த முழங்கால் வருத்தத்தோட குனிஞ்சு, விழுந்த பழத்தைப் பொறுக்கி, சேட்டில துடைச்சு, என்ர கையில தரும். நான் வீட்டை கொண்டுவாறனான். நீரும் திண்டனீர். நல்ல இனிப்பு எண்டும் சொன்னனீர்.”